கரண்டி பிடிக்கும் கைக்கு ஒரு பட்டம்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியானதும் நம் இல்லங்களில் எழும் பேச்சு பொறியியல், மருத்துவம், வணிகவியல் என்ற மூன்று சொற்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பிள்ளை ஒருவன் துணிந்து, "நான் சமையற்கலை படிக்க விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டால் வீடே திகைத்துப் போகிறது. "பண்டாரி வேலைக்குப் பட்டம் எதற்கு?" என்கிறார் பாட்டனார். "இத்தனை பணம் கட்டிப் படித்துவிட்டு வெங்காயம் நறுக்கவா போகிறாய்?" என்று சினக்கிறார் தந்தையார். "அங்கெல்லாம் ஹராம் கலக்காமல் இருக்குமா வாப்பா?" என்று கலங்குகிறார் தாயார்.

நாவலூர், கேளம்பாக்கம், தாம்பரம் வட்டாரத்தில் இப்பேச்சு அண்மைக் காலத்தில் மிகுந்திருக்கிறது. அதில் வியப்பில்லை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் எழுந்தபின் அவற்றைச் சுற்றி உணவகங்களும் பெருகின. நம் பிள்ளைகள் நாள்தோறும் காணும் தொழில்களுள் ஒன்றாகச் சமையல் ஆகிவிட்டது. மக்தபுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரும் இதுபற்றி அடிக்கடி வினவுகின்றனர். பாட்டனார், தந்தையார், தாயார் மூவரின் கேள்விகளும் நியாயமானவையே. மூன்றுக்கும் விடை கண்டபின் கல்லூரியைத் தேடுவதுதான் முறை.

இழிவான தொழிலா?

ஒருவர் தம் கையால் உழைத்து உண்ணும் உணவைவிடச் சிறந்த உணவு இல்லை என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்தியிருக்கிறார்கள். நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பால் உண்டதையும் அதற்குச் சான்றாகக் கூறினார்கள். பணியாளர் உணவு சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும், இயலாவிடில் ஒன்றிரண்டு கவளமேனும் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் பணித்தார்கள். அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்பதுதான் அதற்கு அவர்கள் சொன்ன காரணம். சமைப்பவரின் வியர்வைக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

நம் முன்னோரும் சமையலை ஒரு கல்வியாகவே மதித்தனர். கி.பி. 1226இல் பாக்தாதில் அல்பக்தாதி என்ற அறிஞர் 'கிதாபுத் தபீஹ்' என்னும் சமையல் நூலை எழுதினார். மனிதன் அடையும் இன்பங்களை வகைப்படுத்தி, அவற்றுள் உணவையே மேலானதாக அவர் வைத்தார். தமிழகத்தில் ஆம்பூரின் பிரியாணி, காயல்பட்டினத்தின் களரிச் சாப்பாடு, கீழக்கரையின் தொதல், ரமலானில் பள்ளிவாசல்தோறும் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி என எத்தனை கைப்பக்குவங்கள் நம்மிடம் உள்ளன! அவற்றுள் பல இன்றும் எழுத்தில் ஏறாமல் வயது முதிர்ந்த பண்டாரிகளின் நினைவிலேயே தங்கியிருக்கின்றன.

லக்னோவில் சிறுவயதிலேயே குடும்பத்தாரிடம் சமையல் கற்ற இம்தியாஸ் குரைஷி அவர்களை இங்கு நினைவுகூர வேண்டும். அவர் கல்லூரிப் படி ஏறியவரல்லர். ஆயினும் தில்லியின் ஐ.டி.சி. மௌரியா ஓட்டலில் 'தம் புக்த்' சமையலை உலகத் தரத்துக்கு உயர்த்தினார். 2016இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2024 பிப்ரவரியில் அவர் வஃபாத்தானபோது நாடெங்கும் நாளிதழ்கள் அவரை நினைவுகூர்ந்தன. பாட்டனாரின் கேள்விக்கு இதுவே போதுமான விடை.

அப்படியானால் பட்டம் எதற்கு?

குரைஷி அவர்களுக்குக் குடும்பமே கல்லூரியாக இருந்தது. நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு அத்தகைய உஸ்தாத் வாய்ப்பது அரிது. அன்றியும், இன்றைய உணவுத் தொழில் கைப்பக்குவத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் உணவிலுள்ள நுண்ணுயிரிகள் விரைந்து பெருகும். அரிசியில் காணப்படும் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துக்கள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அகலாது. வலீமா விருந்தில் மீந்த பிரியாணியைத் தேக்சாவிலேயே விட்டு மறுநாள் பகிர்வதில் எத்தனை பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது! அனுபவசாலியான பண்டாரிக்கு இது பட்டறிவால் ஓரளவு தெரியும். கற்றவருக்கோ காரணத்தோடும் அளவோடும் தெரியும்.

இதுபோன்றே ஒரு தட்டு உணவின் அடக்க விலையைக் கணக்கிடுதல், 10 பேருக்கான அளவை 1,000 பேருக்கு மாற்றுதல், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் விதிகளை அறிதல், பணியாளர்களை வழிநடத்துதல் ஆகியவற்றையும் பட்டப்படிப்பு கற்பிக்கிறது. வெங்காயம் நறுக்குவது அதன் முதற்பாடம் மட்டுமே. தந்தையாரின் கேள்விக்கு இது விடை.

எந்தப் பட்டம்?

பெற்றோர் முதலில் தெளிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஓட்டல் நிர்வாகப் பட்டம் வேறு, சமையற்கலைப் பட்டம் வேறு. முன்னதில் சமையல், உணவு பரிமாறல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு என நான்கு துறைகளையும் கற்க வேண்டும். பின்னதில் பெரும்பகுதி நேரம் சமையற்கூடத்திலேயே கழியும். பிள்ளையின் நாட்டம் அடுப்பிலா, மேலாண்மையிலா என்பதைக் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள்.

நம் வட்டாரத்தார்க்கு அண்மையிலுள்ள அரசு நிறுவனம் தரமணியிலிருக்கும் ஓட்டல் மேலாண்மை, உணவுத் தொழில்நுட்ப, பயன்முறை ஊட்டவியல் கழகமாகும். நாவலூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. பெயரில் 'ஊட்டவியல்' இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நாடு உணவுப் பற்றாக்குறையில் தவித்த காலத்தில், கிடைக்கும் உணவைச் சத்துக் கெடாமல் சமைக்கக் கற்பிக்கும் நோக்கமும் கொண்டு இத்தகைய கழகங்கள் பிறந்தன. இவ்வரிசையில் முதலாவது 1954இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. 1982இல் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ்த் தேசியக் குழுமம் ஒன்று அமைந்து, இக்கழகங்களின் படிப்புகளை ஒருங்கிணைத்து வருகிறது. இங்கு வழங்கப்படும் பி.எஸ்ஸி. ஓட்டல் நிர்வாகப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு. தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடத்தப்படுகிறது.

இப்பட்டப்படிப்பில் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மேல்நிலைப் படிப்பில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பயின்றிருத்தல் அவசியம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அமையும். கணக்கு, பகுத்தாய்வு, பொது அறிவு, சேவைத் துறைக்கான மனப்பாங்கு ஆகியவற்றோடு ஆங்கில மொழித் திறனுக்கும் கணிசமான மதிப்பெண் உண்டு. எனவே தமிழ்வழியில் பயின்ற பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் உழைத்தாக வேண்டும். முடிவு வந்தபின் விழித்துக்கொள்வதில் பயனில்லை.

சமையற்கலையை மட்டுமே நாடுவோர்க்குத் திருப்பதியிலும் நொய்டாவிலும் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் இந்தியச் சமையற்கலைக் கழகம் உள்ளது. கர்நாடகத்தின் மணிப்பாலிலுள்ள வெல்கம்குரூப் கல்லூரியில் சமையற்கலையில் பி.ஏ. பட்டம் உண்டு. வீட்டிலிருந்தே சென்றுவர விரும்புவோர்க்குப் பல்லாவரம் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகத்திலும் ஓட்டல் மேலாண்மைப் படிப்புகள் நடக்கின்றன. நம் சமுதாயத்தார் 1951இல் திருச்சியில் நிறுவிய ஜமால் முகமது கல்லூரியிலும் ஓட்டல் மேலாண்மை மற்றும் உணவு அறிவியல் பயிலலாம். மூன்றாண்டுகள் படிக்க வசதியற்ற பிள்ளைகளுக்கு உணவுத் தயாரிப்பில் குறுகிய காலக் கைத்திறன் சான்றிதழ்ப் படிப்புகள் உள்ளன. அவற்றையும் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் மிக விழிப்பாக இருங்கள். எங்கள் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர், வண்ண விளம்பரத்தை நம்பி ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்றாண்டுகள் பயின்றார். வளைகுடாவில் வேலை கிடைத்து, சான்றிதழுக்கு அரசு மேலொப்பம் பெறச் சென்றபோதுதான், கையிலிருப்பது பல்கலைக்கழகப் பட்டமன்று, அந்நிறுவனமே அச்சிட்டுத் தந்த பட்டயம் என்பது தெரியவந்தது. பணமும் போயிற்று, அந்த வேலையும் போயிற்று. "பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது? அப்பல்கலைக்கழகம் யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா? சென்ற ஆண்டு முடித்தவரின் சான்றிதழைக் காட்ட இயலுமா?" என்ற மூன்று கேள்விகளையும் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே கேளுங்கள். விடை மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுப்பு எரிகிறதா?

கல்லூரியைக் காணச் செல்லும் பெற்றோர் முகப்பிலுள்ள பளிங்குத் தரையையும் குளிரூட்டிய வகுப்பறைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். சமையற்கலைக் கல்லூரியில் பார்க்க வேண்டிய இடம் சமையற்கூடமே. செய்முறை வகுப்பு நடக்கும் வேளையில் அனுமதி பெற்றுச் சென்று பாருங்கள். அடுப்புகள் எரிகின்றனவா? ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர் நிற்கின்றனர்? ஆசிரியர் சமைத்துக் காட்ட மாணவர் குறிப்பெடுப்பதோடு வகுப்பு முடிகிறதா, ஒவ்வொருவரும் தனித்தனியே சமைக்கின்றனரா? பொருள்கள் போதுமான அளவு வழங்கப்படுகின்றனவா, இருபது பேருக்கு ஒரு கோழியா? வாரத்துக்கு எத்தனை மணிநேரம் பிள்ளையின் கையில் கத்தி இருக்கும்?

நீச்சலை நூலில் படித்துக் கற்க முடியாது. சமையலும் அப்படியே. கல்லூரியின் பெயரைவிட அதன் அடுப்பு எத்தனை மணிநேரம் எரிகிறது என்பதுதான் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

அடுத்து, தொழிற்பயிற்சி. படிப்பின் நடுவே சில மாதங்கள் ஏதேனும் ஓர் ஓட்டலில் மாணவர் பணிபுரிந்து பயில வேண்டும். அந்த ஓட்டலைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, நாமே தேட வேண்டுமா? உதவித்தொகை உண்டா? இரவுப் பணி உண்டா? இவற்றைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்பதைவிட மூன்றாமாண்டு மாணவர்களிடம் கேட்பது நன்று. அவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

தாயாரின் கேள்வி

இனி தாயாரின் கவலைக்கு வருவோம். அதை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. இப்படிப்பில் மது வகைகளைப் பற்றிய பாடம் உண்டு. இறைச்சிச் சமையலிலும் மேனாட்டுச் சமையலிலும் பன்றி இறைச்சி வரக்கூடும். பன்றி இறைச்சி ஹராம் என்பதைத் திருக்குர்ஆன் ஐயத்துக்கிடமின்றி அறிவிக்கிறது. மதுவைப் பொறுத்தவரை அருந்துபவரை மட்டுமின்றி அதைச் சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர் ஆகியோரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சாபத்துக்குரியோர் பட்டியலில் சேர்த்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பன்றியின் ஈரம் பட்ட கையையும் பாத்திரத்தையும் மண் கலந்த நீரால் ஒருமுறை உட்பட ஏழுமுறை கழுவ வேண்டும்.

அதற்காக இக்கல்வியையே நம் பிள்ளைகளுக்கு மூடிவிட வேண்டுமா? ஒரு பொருளைப் பற்றி ஏட்டில் அறிவது வேறு, அதைச் சுவைப்பதும் பரிமாறுவதும் வேறு. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் பாடத்திட்டத்தையே காட்டிக் கேட்டுத் தெளியுங்கள். பிறகு கல்லூரி முதல்வரைச் சந்தித்து, "பன்றி இறைச்சி வரும் செய்முறையில் என் மகனுக்கு மாற்று இறைச்சி தர இயலுமா? மதுவைச் சுவைக்கவோ பரிமாறவோ அவன் கட்டாயப்படுத்தப்படுவானா? பயிற்சிக் காலத்தில் மதுக்கூடத்துக்குப் பதில் சமையற்கூடத்தில் பணி தர முடியுமா?" என்று பணிவாக, தெளிவாகக் கேளுங்கள்.

இப்படிக் கேட்பது புதுமையன்று. அசைவம் தொட விரும்பாத மாணவர்களின் வேண்டுகோளை ஏற்று, 2016ஆம் ஆண்டையொட்டி அகமதாபாத், போபால், ஜெய்ப்பூர் நகரங்களின் மத்திய ஓட்டல் மேலாண்மைக் கழகங்களில் சைவச் சமையலை மட்டும் பயிலும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஒரு சாராரின் மனச்சான்றுக்கு இடமளிக்க முடியுமாயின், நம் பிள்ளை மாற்று இறைச்சி கேட்பதிலும் தவறில்லை. ஆனால் சேரும் முன்பே கேட்க வேண்டும். சேர்ந்தபின் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிற்கும் மாணவன் மதிப்பெண்ணையும் இழப்பான், மன அமைதியையும் இழப்பான். வெளியே சொல்ல அஞ்சி, சிறிது சிறிதாக மார்க்கப் பேணுதலையே விட்டுவிடும் ஆபத்து அதைவிடப் பெரிது.

வெள்ளிக்கிழமையைப் பற்றியும் கேட்டுவையுங்கள். கல்லூரியின் பயிற்சி உணவகத்தில் மதிய உணவு பரிமாறும் நேரமும் ஜும்ஆவின் நேரமும் ஒன்றாகவே அமையும். கால அட்டவணையை முன்கூட்டியே பார்த்து, அன்றைய செய்முறைக் குழுவை மாற்றித்தர வேண்டினால் பெரும்பாலும் வழி பிறக்கும். ரமலானில் நோன்போடு சுவை பார்ப்பது எப்படி என்ற ஐயமும் எழும். தேவை ஏற்படும்போது நாவின் நுனியால் சுவைத்து, விழுங்காமல் உமிழ்ந்துவிடுவதால் நோன்பு முறியாது என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் விளக்கம்.

பெண்பிள்ளைகளுக்கு

சமையற்கலை என்றதும் நம் பெண்பிள்ளைகளின் நினைவும் வர வேண்டும். சமையற்கூடச் சீருடை முழுக்கை மேலங்கியும் தலையை மூடும் தொப்பியும் கொண்டது. தொப்பியின் கீழ் முக்காடு அணிய அனுமதி உண்டா என்பதைக் கேட்டறியுங்கள். துணி இறுக்கமாகவும் தீயில் எளிதில் பற்றாததாகவும் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சியில் இரவுப் பணிக்கு மாற்று உண்டா, போக்குவரத்து வசதி உண்டா என்பதையும் விசாரியுங்கள். அடுமனைத் தொழிலும் கேக், இனிப்பு வகைகளும் வீட்டிலிருந்தே வருவாய் தரக்கூடியவை. கற்ற பெண் அவற்றைத் தரத்தோடும் உரிமத்தோடும் நடத்துவாள்.

வேலை எங்கே?

நட்சத்திர ஓட்டல் ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். மருத்துவமனைகள், கல்லூரி விடுதிகள், தொழிற்சாலைகள், சிறுசேரி போன்ற இடங்களின் கணினி நிறுவன உணவுக்கூடங்கள் ஆகியவற்றில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர்க்குச் சமையல் நடக்கிறது. அங்கெல்லாம் மதுவுக்கு இடமில்லை. பணிநேரமும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். வான்பயண நிறுவனங்கள் முஸ்லிம் பயணிகளுக்கெனத் தனி உணவைக் குறியீடிட்டே வழங்குகின்றன. அதைத் தயாரிக்கும் சமையற்கூடங்களில் ஹலாலின் நுணுக்கம் தெரிந்த சமையற்கலைஞர் கூடுதல் மதிப்புடையவர். மலேசியாவில் ஜாகிம் என்ற அரசுத் துறை ஹலால் சான்று வழங்குகிறது. அச்சான்றை நாடும் பெரிய நிறுவனங்கள் அதற்கெனப் பொறுப்பாளரை நியமிக்கின்றன. தாயார் தடையாகக் கண்ட பேணுதலே இங்கெல்லாம் பிள்ளையின் தகுதியாகிவிடுகிறது.

செலவுக்கு வழி

தரமணிக் கழகம் மத்திய அரசின் கீழ் வருவதால் இதர பிற்படுத்தப்பட்டோர்க்கான 27 விழுக்காடு இடஒதுக்கீடு அங்கு உண்டு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை வகுப்பினர் தமிழகத்துக்கான மத்தியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். அதற்கு மத்திய அரசுப் படிவத்திலான, வளமான பிரிவினர் அல்லர் என்பதைக் காட்டும் சான்றிதழ் தேவை. மாநில அரசின் சாதிச் சான்று மட்டும் போதாது. விண்ணப்பிக்கும் முன்பே அதைப் பெற்றுவையுங்கள். மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது.

மஹல்லா ஜமாஅத்துகளும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பைத்துல்மாலிலிருந்து மருத்துவ, பொறியியல் மாணவர்களுக்கு உதவுவது போல், அடுப்படியில் தம் எதிர்காலத்தைக் காணும் ஏழைப் பிள்ளைக்கும் உதவலாம். ஓர் ஊரின் சமையற்கலைஞன் நன்கு கற்றால், அவ்வூரின் இளைஞர் பத்துப் பேருக்கு அவன் வேலை தருவான்.

அன்பிற்குரிய பெற்றோர்களே! பிள்ளையின் நாட்டம் உண்மையானதா என்றறிய எளிய வழி ஒன்று உண்டு. இவ்விடுமுறையில் உங்கள் வட்டாரத்துப் பண்டாரி ஒருவரிடம் ஒரு மாதம் உதவியாளாக அனுப்பிவையுங்கள். விடியற்காலையில் எழுந்து, புகையில் நின்று, தேக்சா கழுவி, மாதமுடிவிலும் அவன் "இதையே படிக்கிறேன்" என்றால், அவனுக்கேற்ற கல்லூரியைத் தேடும் பொறுப்பு உங்களுடையது. பாதியில் அவன் மனம் மாறினால், மூன்றாண்டுக் கட்டணமும் மூன்றாண்டு வாழ்வும் மிஞ்சும்.

ஹலாலான உழைப்பில் பரக்கத்தை வைத்துள்ள வல்ல நாயன், நம் பிள்ளைகள் கற்கும் கல்வியைப் பயனுள்ளதாகவும், அவர்கள் சமைக்கும் உணவைத் தூய்மையானதாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.